ஓரப் பருத்தி

ஒச்சம்மாள் வீட்டுக் காட்டில் இரண்டு வகைப் பருத்தி நின்றது. நடுவில் நின்றது புருஷனுடையது, ஓரத்தில் நின்றது அவளுடையது. இப்படி ஒரு பாகப்பிரிவினையை ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. புது விதை வந்த பிறகு வந்த வினை அது.

திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடி போகிற வழியில், அந்தக் கரிசல் பூமியில், இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் நாலு பேர் கூடினால் பி.டி. பருத்தியைப் பற்றித்தான் பேச்சு. புழுவைக் கொல்லும் சங்கதி விதைக்குள்ளேயே இருக்கிறதாம், கடித்த காய்ப்புழு அங்கேயே சுருண்டு விழுமாம், மருந்தடிக்கிற பாடு மிச்சமாம் என்று ஒரு கட்சி. புழுவைக் கொல்வது ஆட்டையும் மாட்டையும் மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சுமா என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் கிளாஸ் ஆறிப்போகும்வரை இரண்டு கட்சியும் கத்தும். இரண்டு பக்கமும் முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் சத்தத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

ஒச்சம்மாளின் புருஷன் பேச்சிமுத்து முதல் கட்சி, ஒச்சம்மாள் இரண்டாவது கட்சி. அவன் விதை வாங்கி வந்தபோது பெரிய பாக்கெட்டோடு ஒரு சின்ன பாக்கெட்டும் கூட வந்தது. அதில் இருப்பது சாதாப் பருத்தி, அதைக் காட்டைச் சுற்றி ஓரத்தில் ஊன்றிவிடுங்கள், புழுவுக்கென்று கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் நடுவில் இருக்கிற பருத்தியின் வீரியம் பல வருஷம் நிற்கும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புழுவுக்குச் சோறு போட நானென்ன சத்திரமா நடத்துகிறேன் என்று பேச்சிமுத்து அதைக் குப்பையில் வீசப் போனான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் வீசினார்கள். விதையை வீச ஒச்சம்மாளுக்கு மனசு வரவில்லை. வாங்கி அவளே ஊன்றினாள், அவளே களை எடுத்தாள். அதில் வெடித்த பருத்தி அவளுடைய சிறுவாடு என்று ஆகிவிட்டது. பெண்பிள்ளை சேர்த்துவைக்கிற சிறுவாட்டில் ஆண்பிள்ளை மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்த ஊரிலேயே இருந்த மரியாதை. அதனால் பேச்சிமுத்து அந்த ஓரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. யாராவது பருத்தி எப்படி என்று கேட்டால் நடுக்காட்டைப் பற்றித்தான் சொல்வான். ஓரம் அவன் கணக்கிலேயே கிடையாது.

பங்குனியில் நடுப் பருத்தி எடுத்து முடிந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் பின்காய் பிடித்திருந்தது. காயோடு புழுவும் பிடித்திருந்தது. அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போதுதான் தலைப்பிள்ளை பிறந்திருந்தது. பேர் வைக்கிற அன்றைக்கு, ஓரத்துப் பருத்தி விற்ற காசு இல்லாமல் வெறுங்கையோடு பேரன் முன்னால் போக எந்த அம்மாச்சிக்கு மனசு வரும்? புருஷன் சந்தைக்குப் போயிருந்த ஒரு பகலில், தொழுவத்து மூலையில் கிடந்த பழைய மோனோ பூச்சிமருந்து டப்பாவை எடுத்து, கொஞ்சம் தூக்கலாகவே கலந்து, ஓரம் முழுக்க அடித்தாள். மறுநாள் காலையில் மகளைப் பார்க்க பஸ் ஏறிப் போய்விட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. தன் சிறுவாட்டுச் சமாச்சாரத்தை அவனிடம் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அவள் அந்தப் பக்கம் போனாள், இந்தப் பக்கம் சோணை கிடை போட வந்தான். வெள்ளாமை எடுத்த காடுகளில் ஆட்டை மேயவிட்டு, ராத்திரி அங்கேயே வலை கட்டி அடைப்பது அவன் பிழைப்பு. ஆட்டுக்கு இலை, காட்டுக்கு எரு. இரண்டு பேருக்கும் லாபம். இந்தப் பக்கத்துக் கிடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டை உள்ளே விடுவதற்கு முன்னால், காட்டுக்காரன் தன் காட்டில் ஓர் இலையைக் கிள்ளி, கிடைக்காரன் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும். மருந்தடித்த காடென்றால் எவன் மெல்லுவான்? எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், இலையை மென்றால் வாக்குக் கொடுத்த மாதிரி. பேச்சிமுத்து நடுக்காடுவரை நடந்துபோய், நல்ல இலையாகப் பார்த்துக் கிள்ளி மென்றான். அவன் அறிந்த அளவில் அது சத்தியம். அவன் கிள்ளிய செடியில் மருந்து பட்டு இரண்டு மாசமாகியிருந்தது.

சோணையின் ஆடுகள் ஓரத்தைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தன. நுழைகிற பசியில் முதலில் வாய் வைத்தது அங்கேதான்.

அடுத்த நாள் காலை ஒச்சம்மாள் ஊர் திரும்பும்போது பஸ்ஸிலேயே பேச்சு அடிபட்டது. பேச்சிமுத்து காட்டில் புதுப் பருத்தி தின்ற ஆடெல்லாம் விழுந்து விழுந்து சாகிறதாம். கடைசியில் அந்தப் பாழாய்ப்போன விதை வேலையைக் காட்டிவிட்டதே, அன்றைக்கே சொன்னேனே, கேட்டானா இந்த மனுஷன் என்று பஸ் இறங்கும்வரை புருஷனை மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள். தன் டப்பா அவள் நினைப்பில் வரவே இல்லை. எல்லோரும் ஒரு பக்கம் கை நீட்டும்போது, நம் கண்ணும் அந்தப் பக்கம்தானே போகும்.

காட்டு வேப்பமரத்தடியில் ஊரே கூடி நின்றது. செத்த ஆடுகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். வாயெல்லாம் நுரை. சில ஆடுகள் இன்னும் சாகாமல் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. நடுவில் இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராயப்பன் சார். திருநகரில் இருந்து வருகிறவர், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், இந்த விதை வேண்டாம் வேண்டாம் என்று மூன்று வருஷமாக ஊர் ஊராகச் சொல்லி வருகிறவர். நல்ல மனுஷன்தான். சாகிற குட்டி ஒன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கியபடியே பேசினார். இன்னொருவன் விதைக் கம்பெனிப் பையன் சாய்பிரசாத். மதுரைக்காரன், விவசாயம் படித்தவன். விதையில் இருப்பது புழுவுக்கு மட்டும்தான் ஆகாது, ஆட்டை ஒன்றும் செய்யாது, யாரோ மருந்தடித்திருக்கிறீர்கள் என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அதைக் கேட்டதும் பேச்சிமுத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"இந்த வாயால இலை மென்னேன்டா. பொய் வாக்குக் கொடுக்கிற வம்சமாடா நாங்க?" என்றான். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். விலக்கிய சாக்கில் இரண்டு பேர் பையனை அடித்தும்விட்டார்கள்.

சோணை எங்கே என்று ஒச்சம்மாள் தேடினாள். அவன் கூட்டத்தில் இல்லை. காட்டு ஓரத்தில் இருந்தான். சாகாமல் மிஞ்சிய ஆடுகளை, முக்கால்வாசி சினையாடுகள் அவை, நடுக்காட்டில் இருந்து பிரித்து ஓட்டிவந்து ஓரப் பருத்தியில் மேயவிட்டிருந்தான். நடுவில் நிற்பதுதான் புதுசு, ஓரத்தில் நிற்பது நம் பழைய பருத்தி, பசியோடு நிற்கிற உருப்படிகளை அதிலாவது விடு என்று யோசனை சொன்னது பேச்சிமுத்து. அது சரிதான் என்று ராயப்பன் சாரும் சொல்லியிருந்தார். விதை கெட்டது என்றால் விதை மாறாத செடி நல்லது, அவர்கள் கணக்கு அப்படி.

அந்த ஆடுகள் கடிக்கிற இலையைப் பார்த்தபோதுதான் ஒச்சம்மாளுக்குத் தன் டப்பா நினைவு வந்தது. கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். விழுந்து கிடந்த குச்சி ஒன்றை எடுத்து, ஆடுகளை மாறி மாறி அடித்து விரட்டினாள். சினையாட்டை யாராவது அடிப்பார்களா? அவள் அடித்தாள்.

சோணை அவள் கையைப் பிடித்தான். "என்ன மதினி செய்றீக?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் கதை வேறு. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதற்குள் வேப்பமரத்தடியில் இருந்து பேச்சிமுத்துவின் குரல் கேட்டது, என் வாயால மென்னேன், என் வாயால மென்னேன் என்று. இப்போது இவள் வாயைத் திறந்தால் அந்த வாய் பொய் வாயாகிவிடும். அடி வாங்கிய பையன் பக்கம் நியாயம் போய்விடும், ஊர் திரும்பி நின்று பேச்சிமுத்துவை அடிக்கும். அவன் அடி வாங்கினாலும் பிழைத்துக்கொள்வான், சொல் வாங்கினால் பிழைக்கமாட்டான், அவள் அறிவாள். அடித்து இரண்டு நாள் வெயிலில் காய்ந்த மருந்துதானே, இன்னுமா இருக்கும் என்று ஒரு நப்பாசையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வாயில் இருந்து வந்தது வேறு.

"அதுல பின்காய் இருக்கு சோணை."

சோணை அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. "ஆடு சாகுது மதினி. நாலு காய்க்கா பாக்குறீக?" என்று கேட்டுவிட்டு, சிதறிய ஆடுகளை மறுபடி ஒதுக்கி ஓரத்திலேயே விட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இப்படியும் ஒரு கஞ்சப் பிறவி உண்டா என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். ஒச்சம்மாள் கையில் குச்சியோடு நின்றாள். ஆடுகள் மேய்கிற சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. போய் மறுபடி விரட்டக் கால் எழவில்லை. கடவுளே, ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும், ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அவள் நூறு தரம் சாமியைக் கூப்பிட்டாள்.

உச்சி வெயிலுக்குள் வெள்ளச்சி தள்ளாடியது. சோணை மந்தையில் முன்னால் போகிற ஆடு அது. அது போகிற வழியில்தான் மற்றவை போகும். சினை முற்றி, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. முன்னங்கால் மடிந்து, மூக்கு தரையில் படும்படி உட்கார்ந்தது. வாயோரம் நுரை கட்டியது. சோணை ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பழைய பருத்தியைத் தின்றதற்குமா இந்தக் கதி என்று அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருத்திக்குத் தெரியும்.

டாக்டரம்மா ஆன்சி அப்போதுதான் வந்து இறங்கினாள். கால்நடை டாக்டர். வேறொரு ஊரில் முகாமில் இருந்தவளுக்குப் போன் போய், வண்டி இல்லாமல் தவித்து, கடைசியில் சாய்பிரசாத்தான் தன் ஜீப்பை அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தான். நல்லெண்ணத்தில் அனுப்பிய ஜீப் அது. அதுவே வினையாகிவிட்டது. அவள் வெள்ளச்சியின் இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள், வாயை மோந்து பார்த்தாள். பூச்சிமருந்துதான், சந்தேகமே இல்லை, முறிவு ஊசி இருக்கிறது, உடனே போட்டால் நிறைய ஆட்டைக் காப்பாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தாள்.

கம்பெனி ஜீப்பில் வந்தவள் கம்பெனிக்குத்தானே பேசுவாள் என்று கூட்டம் இரைந்தது. ஊசி போட்டுவிட்டால் ஆட்டின் ரத்தத்தில் என்ன இருந்தது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது, முதலில் ரத்தம் எடுக்கட்டும், நம் ஆள் சாட்சியாக இருக்கட்டும் என்று ராயப்பன் சார் குறுக்கே நின்றார். அவர் பயமும் நியாயமான பயம்தான். எத்தனையோ இடத்தில் ஏமாந்திருக்கிறார். ரத்தம் எடுத்துக்கொண்டே ஊசியும் போடலாம் சார் என்று ஆன்சி கெஞ்சினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

முடிவு சோணை கையில் இருந்தது. ஆடு அவனுடையது. அவன் டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டான். மருந்து படாத ஆட்டுக்கு இந்த ஊசியைப் போட்டால் என்ன ஆகும்? பொய் சொல்லத் தெரியாதவள் ஆன்சி. அப்படிப் போட்டால் இந்த ஊசியே கெடுதல்தான், ஆனால் இது மருந்துதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது என்றாள்.

சோணை கும்பிட்டான். "நீங்க படிச்சவுக டாக்டரம்மா. ஆனா எங்கண்ணன் இலை மென்னாரு. எங்கப்பன் காலத்துல இருந்து இலை மென்ன காட்டுல ஆடு செத்ததில்ல. மருந்தில்லாத காட்டுல மருந்து ஊசி என்னத்துக்கு? வேணாம்மா."

அவன் சொல்லி முடிக்கவும் ஓரத்தில் இன்னோர் ஆடு விழுந்தது. அதற்குப் பின்னால் நின்றதும் விழுந்தது. பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தன் வாக்கை ஒரு மனுஷன் இவ்வளவு பெரிதாக மதிக்கிறானே என்று அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பெருமை. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். அந்தப் பெருமையைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயமெல்லாம் விட்டுப்போயிற்று. கூட்டத்தை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஓரத்துக்கு நான் மருந்தடிச்சேன்" என்றாள். "மோனோ. அவருக்குத் தெரியாது. என் பருத்தி அது, நான்தான் அடிச்சேன். ஊசியப் போடுங்கம்மா, வெரசாப் போடுங்க."

ஆன்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊசியை நிரப்பிக்கொண்டு ஓடினாள். சோணை வெள்ளச்சியின் தலையைத் தூக்கிப் பிடித்தான். அடி வாங்கிய சாய்பிரசாத்தும், குறுக்கே நின்ற ராயப்பன் சாரும் ஆளுக்கொரு ஆட்டைப் பிடித்தார்கள். ஊசி போடப் போட மருந்து குறைந்துகொண்டே வந்தது. ஒரு மந்தை விழும் என்று யாரும் பெட்டியில் மருந்து வைத்திருப்பதில்லை. விழுந்தவற்றில் எதற்குப் போடுவது, எதை விடுவது என்று ஆன்சி கண்ணீரோடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். திருமங்கலத்துக்கு ஜீப் பறந்தது. அது திரும்பி வரும்போது மருந்து வந்தது, போட ஆடு இல்லை. ஊசி விழுந்தவற்றில் சில எழுந்தன. வெள்ளச்சி எழவில்லை. அதன் வயிற்றுக்குள் இருந்தது கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பேச்சிமுத்து வரப்பில் உட்கார்ந்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். ஒச்சம்மாளை அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை.

ஆடு பிடித்த கை காய்வதற்குள் வேப்பமரத்தடியில் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. விதைமேல் குற்றமில்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்றான் சாய்பிரசாத். புழுவுக்கென்று ஓரம் ஒதுக்கச் சொன்னது யார், அந்த ஓரத்தால்தானே இவ்வளவும் என்றார் ராயப்பன் சார். அந்த அம்மா வாயாலேயே வந்துவிட்டது என்று இவனும் சொன்னான், அவரும் சொன்னார். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். தோற்றவன் காட்டு ஓரத்தில் செத்த ஆடுகளின் கழுத்துமணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஒச்சம்மாள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். என்னை அடி என்று சொல்லலாம் போலிருந்தது.

சோணை தலை நிமிராமலே கேட்டான். "குச்சி எடுத்து வெரட்டுனீகளே, அப்பவே தெரியுமா மதினி?"

அவள் ஆமென்று தலையை அசைத்தாள். அவன் கையில் இருந்த மணி ஒன்று கீழே விழுந்து, லேசாகச் சத்தம் போட்டு அடங்கியது. அவன் அடுத்த ஆட்டின் மணியை அவிழ்க்கக் குனிந்தான். இன்னும் ஏதாவது கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் திரும்பி, தன் ஓரப் பருத்தியில் ஒரு கை இலையை உருவினாள். கிள்ளவில்லை, உருவினாள். வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் பாய்ந்து எழுந்து அவள் கையில் ஓங்கி அடித்தான். இலைகள் செத்த வெள்ளச்சியின் மேல் சிதறின.

"இலை என்னத்துக்கு இப்ப?" என்றான் சோணை. அப்போதுதான் அவன் குரல் உடைந்தது. "காலையில ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே மதினி. அம்புட்டும் நின்னுச்சே அப்ப."

மிஞ்சிய ஆடுகளை எழுப்பி நடத்திக்கொண்டு அவன் கிளம்பினான். முன்னால் போகிற ஆடு இல்லாததால் அவற்றுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பழகிய பசியில் மறுபடியும் ஓரத்துப் பச்சையைப் பார்த்துத்தான் திரும்பின. ஒச்சம்மாள் ஓடிப்போய், செடிகளுக்கு முன்னால் முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசி ஆடு கண்ணுக்கு மறைகிறவரை அப்படியே நின்றாள். சோணை திரும்பிப் பார்க்கவில்லை.